அடைமழை நாட்களும் வீட்டுக் கைவேலையும்

(ஐப்பசி மாதம் சிதம்பரத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் பேசியது. வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



வானம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த நாளிலும் கடலூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். குடையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறோம். அதை மூலையில் சாய்த்து வையுங்கள், யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். மழை வருவதற்குள் பேச்சை முடித்துவிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாடத்தில் இலையுதிர் காலம் என்று ஒன்றைப் படிக்கிறார்கள். செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடியும் என்று அதில் இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாக மரங்களின் படமும் போட்டிருக்கும். நம் ஊரில் அந்த மாதங்களில் இலை உதிர்வதில்லை, ஓடுதான் ஒழுகுகிறது. தமிழில் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் காலம் என்று பெயர். குளிர்ந்த காற்றும் மழையும் சேர்ந்த காலம். கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. அது எப்படிக் கொட்டும் என்பதை 2015இல் பார்த்தோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோதும் பார்த்தோம்.

வெள்ளம் வராத ஆண்டுகளிலும் இந்த மாதங்களில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற நாட்கள் பல. பள்ளிக்கு விடுமுறை என்று டிவியில் ஓடும். படகு கடலுக்குப் போகாது. மதியத்துக்கு மேல் கரண்ட் போகும். செல்போனில் சார்ஜ் தீர்ந்ததும் பிள்ளைகள் ஏதோ உலகமே முடிந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான், நாம் வெளியே சொல்வதில்லை. இந்த நாட்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். வெள்ள நிவாரணம், அரிசிப் பை எல்லாம் பேச வேறு கூட்டம் இருக்கிறது. மழை பெய்துகொண்டே இருக்கும்போது வீட்டில் கை என்ன செய்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் மூத்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. பரங்கிப்பேட்டையில், மஹ்மூது பந்தர் என்று பழைய ஆட்கள் சொல்லும் அதே ஊரில், மழைக்காலம் என்றால் பாய் முடையும் காலம். ஆங்கிலேயர் காலத்தில் எழுதிய மாவட்ட விவரங்களிலேயே அந்த ஊர்த் தாழம்பாய்க்கு இடம் உண்டு. முடைந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். இங்கே ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். கோரைப்பாயை நெய்வார்கள். அதற்குத் தறி வேண்டும், பாவுக்கு நூல் வேண்டும். தாழம்பாயை முடைவார்கள். அதற்குத் தறி இல்லை, நூல் இல்லை. பத்து விரலும் குத்தவைத்து உட்காரும் பொறுமையும் போதும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று நம் இளைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். தாழை ஓலைக்கு இரண்டு ஓரத்திலும் முள். நடு நரம்பின் அடியிலும் முள். அந்த மூன்று வரிசையையும் முதலில் சீவி எடுக்க வேண்டும். சீவுகிற கைக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள், அப்படியும் கீறல் விழும். பிறகு ஓலையை ஒரே அகலத்தில் வார்களாகக் கிழித்து, வெயிலில் காயவைத்து, சுருட்டிக் கட்டி வைப்பார்கள். முடையத் தொடங்கும்போது வாரை நீவி நேராக்குவார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்துக் கோணலாகவே பின்னிக்கொண்டு போவார்கள். ஓரம் வந்ததும் மடித்துத் திரும்புவார்கள். பார்க்கும்போது எளிது. உட்கார்ந்து பார்த்தால் முதல் மடிப்பிலேயே விரல் குழம்பிவிடும். எங்களில் இரண்டு பேர் முயன்று பார்த்துவிட்டோம், அதனால் தைரியமாகச் சொல்கிறோம்.

இதில் மழைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓலையை வெட்டுவதும் காயவைப்பதும் வெயில் காலத்து வேலை. ஆனால் நன்றாகக் காய்ந்த ஓலை வெயில் நாளில் முடைந்தால் முறுகி ஒடியும், ஓரம் கிழியும். காற்றில் ஈரம் இருக்கும்போது அது பதமாகிச் சொன்னபடி வளையும். கோடையில் முடைபவர்கள் விடியற்காலையிலும் ஈரத்துணி போட்டு மூடியும்தான் முடைய முடியும். ஐப்பசி பிறந்துவிட்டால் பகல் முழுதும் ஓலை பதமாகவே இருக்கும். வெளியே போக முடியாத நாளும் ஓலை வளைந்து கொடுக்கிற நாளும் ஒன்றாக வந்தன. நம் பாட்டிமார்கள் பொழுது போகாமல் பாய் முடையவில்லை. காலம் பார்த்து முடைந்தார்கள்.

இப்போது எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் அறக்கட்டளை ஆறு சகோதரிகளுக்குத் தையல் மிஷின் கொடுத்தது. மேடை போட்டோம். போட்டோ எடுத்தோம். இந்த இதழிலேயே போட்டோம். கணவரை இழந்தவர்கள், கணவர் கைவிட்டவர்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். ஓராண்டு கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். இரண்டு மிஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று மருத்துவச் செலவுக்கு விற்றாகிவிட்டது. ஒன்று மழைத்தண்ணீரில் நின்று துருப்பிடித்திருந்தது. ஒன்றை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாவது மிஷின் மேல் போர்வை போட்டு, அதன் மேல் சாமான் அடுக்கியிருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மாவிடம், ஏன் லாத்தா தைக்கவில்லை என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தையல் வராதும்மா. பாய் முடைய வரும். நீங்க என்ன வரும்னு கேக்கவே இல்லையே" என்றார்.

நாங்கள் கேட்கவில்லைதான். ஏழைப் பெண் என்றால் தையல் மிஷின் என்று எங்கள் மனதில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. அவர் கையில் ஏற்கனவே ஒரு தொழில் இருக்கிறது என்பது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் விரும்பிச் செய்கிற வேலை அது. சின்ன வயதில் உம்மாவின் மடியருகே உட்கார்ந்து கற்றது.

அப்படியானால் ஏன் முடைவதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டோம். ஓலை வெட்டிக் கொடுக்க ஆள் இல்லை என்றார். முன்பு வீட்டு ஆண்கள் வெட்டிக் கொண்டுவந்து போடுவார்களாம். இப்போது பிள்ளைகள் சவூதியில், துபாயில். பேரப்பிள்ளைக்குத் தாழை எது, கற்றாழை எது என்று தெரியாது. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடைப் பாய் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் நம் மக்கள் கையால் வருவதுதான். அது கோரை. தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பட்டு மாதிரி நெய்வார்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து கொடுப்பார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்த ஊரிலும் நெய்கிறவர்கள் குறைந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆனாலும் ஊர்ப் பெயரைச் சொன்னால் பாய் நினைவுக்கு வருகிறது. செட்டிநாட்டில் ஓலைக் கொட்டான் முடைவதை முக்கால்வாசி மறந்த பிறகு மறுபடி எடுத்து நிறுத்தினார்கள். இன்று அதற்கும் குறியீடு இருக்கிறது. பரங்கிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அல்வா நினைவுக்கு வரும், கடல் உயிரின ஆராய்ச்சி மையம் நினைவுக்கு வரும். பாய் நினைவுக்கு வருவதில்லை. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கே நாம் பிளாஸ்டிக் பாய்தானே வாங்குகிறோம்?

கைவேலையைத் தாழ்வாகப் பார்க்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மார்க்கத்திலிருந்து வந்திருக்க முடியாது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். தம் துணைவியரில் கை நீளமானவரே தமக்குப் பின் முதலில் தம்மிடம் வந்து சேர்வார் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அன்னையர் தங்கள் கைகளை அளந்துகூடப் பார்த்தார்களாம். முதலில் மரணித்தவர் ஸைனப் (ரலி). அவர் தம் கையால் வேலை செய்து, அதில் வந்ததைத் தர்மம் கொடுத்துக்கொண்டிருந்தவர். தோல் பதனிடுவார், தைப்பார். கை நீளம் என்பதன் பொருள் அப்போதுதான் மற்றவர்களுக்கு விளங்கியது. நபியவர்களும் வீட்டில் இருக்கும்போது தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள், துணிக்கு ஒட்டுப் போட்டார்கள், வீட்டு வேலையில் கூட இருந்தார்கள். பின் வரிசையில் நிற்கிற வாப்பாமார்கள், அத்தாமார்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பாய்தான் முடைய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவரவர்க்கு வருவதை, அவரவர்க்குப் பிடித்ததைச் செய்யலாம். பாய் முடைவதற்கு நேர் மாறாக ஒரே நாளில் முடிகிற வேலை வேண்டும் என்றால் அடுப்படிக்குப் போகலாம்.

மழைநாளில் முறுக்கு சுட்டால் மறுநாளே நமுத்துப்போகும். ஊறுகாய் போட வெயில் வேண்டும். வடகம் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் தம்ரூட் இருக்கிறதே, அது மழைநாளுக்கென்றே பிறந்த பண்டம். கால் கிலோ ரவையை 150 கிராம் நெய்யில் சிவக்காமல் வறுத்து, அரை லிட்டர் காய்ச்சிய பாலை ஊற்றிக் கிளறி இறக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். ஆறவிடாமல் முட்டையைச் சேர்த்தால் முட்டை தனியாக வெந்து திரிந்துவிடும். அவசரக்காரர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஆறிய பிறகு மூன்று முட்டை, கால் கிலோ சீனி, ஏலக்காய்த்தூள் சேர்த்து அடித்து, நெய் தடவிய சட்டியில் ஊற்றி, மேலே நம் பண்ருட்டி முந்திரியைப் பதிக்கலாம். இப்போது எல்லோரும் ஓவனில் வைக்கிறார்கள். அதில் தப்பில்லை. பழைய முறையில் சட்டிக்குக் கீழே சிறு தணல், மூடியின் மேலே கொட்டாங்குச்சித் தணல். மேலும் கீழும் சூடு பட்டு முக்கால் மணி நேரத்தில் மேற்புறம் சிவந்து வரும். வீடு முழுக்க அந்த மணம். பிள்ளைகள் போனை வைத்துவிட்டுத் தானாக வந்து சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அதட்டிக் கூப்பிட வேண்டியதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மழைச்சாரல் அடிக்கிறது என்று கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு உள்ளே தணல் வைக்காதீர்கள். கரிப்புகையில் மணமே இல்லாத விஷவாயு இருக்கிறது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும், தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும், தணல் வேலை முடிந்ததும் வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

2004இல் நோன்பு அக்டோபர் நடுவில் தொடங்கி, பெருநாள் நவம்பர் நடுவில் வந்தது. நல்ல மழை மாதம். இஃப்தாருக்குக் கஞ்சிச் சட்டியைக் குடையின் கீழ் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போனவர்கள் இங்கே இருக்கிறார்கள். பெருநாளுக்குத் தைத்த துணி காயாமல் அடுப்படிக் கொடியில் தொங்கியது. நம் மாதங்கள் பிறையோடு நகர்வதால் அதேபோல் அக்டோபர் நடுவில் தொடங்கும் நோன்பு இனி 2036 வாக்கில்தான் வரும். இன்று மூன்று வயதில் இருக்கிற பிள்ளை அப்போது கஞ்சி காய்ச்சுகிற வயதில் இருக்கும். யாரிடம் கற்றிருக்கும்?

வெள்ளை நூல் தொப்பி பின்னுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல் உருண்டை, இவ்வளவுதான் முதலீடு. உச்சியில் ஒரு சிறு வளையமாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். தலைக்கு அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் பக்கம் தானே கீழே இறங்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் கைப்பழக்கம். சற்று முன்னால் நிறுத்தினால் குழந்தைத் தொப்பி, தாமதித்தால் தேங்காய்க்கூடை. கரண்ட் இல்லாவிட்டாலும் ஜன்னலோரத்தில் பின்னலாம். ஆண்பிள்ளைகளும் கற்கலாம். வலை பின்னுகிற ஊரில் ஆண்களுக்கு இது வராது என்று சொல்ல முடியாது. பழைய பெட்டிகளில் அரபுத்தமிழ் எழுத்தில் நன்னிமார்கள் எழுதி வைத்த நோட்டு ஏதாவது இருந்தால், பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு பக்கமாவது படித்துக் காட்டுங்கள். எழுத்து அரபு, பேச்சு தமிழ் என்றதும் அவர்களுக்கு ரகசிய மொழி கிடைத்த மாதிரி இருக்கும். மழை ஒழுகினால் முதலில் நனைவதும் அந்த நோட்டுதான், அதனால் பார்த்துவிட்டு உயரத்தில் வையுங்கள்.

உயரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கடலூரில் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் தையல் மிஷின், அரிசி அளக்கிற மரப்பெட்டி, ஓலைக்கட்டு எதையும் தரையில் வைக்காதீர்கள். மிஷினின் தலையை மட்டும் கழற்றிப் பரணில் வைத்துவிடலாம், ஸ்குரூ இரண்டுதான். 2015இல் தண்ணீர் வடிந்த பிறகு பலர் வந்து அழுதது மிஷினுக்காகத்தான்.

அடுத்து விலை. இதை மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறோம். நம் சகோதரி ஒருவர் தொப்பி பின்னித் தந்தால், தம்ரூட் செய்து தந்தால், நாம் என்ன செய்கிறோம்? நமக்குள்ளதானே என்று சொல்லிக் கடை விலையில் பாதி கொடுக்கிறோம். அதே பண்டம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் பேசாமல் கேட்ட காசைக் கொடுக்கிறோம். ஒரு ஆள் படுக்கிற தாழம்பாய், வீட்டு வேலைக்கு நடுவே முடைந்தால் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றார் அந்தப் பெரியம்மா. பத்து நாள் கூலியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பாயின் விலையை எடுத்துக்கொண்டு அவரிடம் பேரம் பேசப் போகாதீர்கள். விற்பதற்காக இல்லாமல் ஆசைக்குச் செய்கிறவர்களிடம் விலையே பேச வேண்டாம். எல்லாவற்றையும் வியாபாரமாக்குங்கள் என்று யூடியூபில் சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஒரு பெண் தன் சந்தோஷத்துக்காக ஒரு பூத்தையல் போட்டுத் தலையணைக்கு உறை தைத்தால் அது அப்படியே இருக்கலாம். ஆனால் அவர் உட்கார்ந்து தைக்க ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் டீ போடுவது வீட்டில் வேறு ஒருவர் வேலையாக இருக்கட்டும். பின் வரிசைக்கு மறுபடியும் சொல்கிறோம்.

இனி ஏற்பாட்டுக்கு வருகிறோம். அந்தப் பெரியம்மாவிடம் பேசி வைத்திருக்கிறோம். போன பங்குனியில் நம் இளைஞர்கள் சிலர் பரங்கிப்பேட்டைக் கரையோரத்தில், நிலத்துக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, ஓலை வெட்டிக் கொடுத்தார்கள். முள் குத்தி இரண்டு நாள் கையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், பாவம். சீவிக் காயவைத்ததில் இரண்டு கட்டு தேறியது. மூன்று பாய்க்கு வரும் என்கிறார். இந்த மழைக்கு அவ்வளவுதான் ஓலை. அதனால் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து கற்க முடியாது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள், அல்லது கற்க ஆசைப்படுகிற தாய்மார்கள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். சிதம்பரத்திலிருந்து போகிறவர்களுக்குப் பஸ் செலவை அறக்கட்டளை ஏற்கும். அவருக்கு நாள் கூலி அறக்கட்டளை கொடுக்கும். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை. முடைகிற மூன்று பாயில் ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் கற்றவர்கள் வீட்டுக்கு.

நான்கு பேருக்கு மேல் பெயர் வந்தால் குலுக்கல்தான். மீதிப் பேர் அடுத்த ஐப்பசிக்கு. அதற்கு ஓலை வேண்டும். பங்குனியில் வெட்டப் போக ஆண்பிள்ளைகள் பெயரையும் இன்றே எழுதிக்கொள்கிறோம், கைக்குச் சுற்றிக்கொள்ளப் பழைய துணி அவரவர் கொண்டுவர வேண்டும்.

முதல் நாள் வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. மழை பெய்தால் நல்லது, ஓலை பதமாக இருக்கும். பெய்யாவிட்டால் ஒரு ஈரத்துணி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.